பத்தாவது ஊசி

அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நாற்பத்திரண்டு கட்டங்கள். கீழே பிறகு கோடு போட்டுச் சேர்த்த ஆறு கட்டங்கள் வேறு. நாற்பத்திரண்டில் நான்கு கட்டங்களில் எழுதியிருப்பது பொய். அவற்றில் இரண்டு என் கையெழுத்து.

அப்போது நான் பினாங்கில் ஒரு மருத்துவமனையில் தாதிப் பயிற்சி முடித்து, எக்ஸ்ரே அறை வேலையும் கற்றுக்கொண்டிருந்தேன். எதையும் எழுதி வைத்து, செய்து முடித்ததும் சரிக்குறி போடுவது என் வழக்கம். "இவள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் கையில் பட்டியலோடுதான் போவாள்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். பொய்யில்லை, போயிருக்கிறேன்.

அந்த அக்கா வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் சலவைத் தொழில் செய்யும் குடும்பம். நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். கணவர் ஓரடி பின்னால், அவருடைய துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அக்காவின் இடது கன்னம் வீங்கிப் பளபளத்தது. வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தால், கன்னத்தின் உட்புறம் முழுவதும் புண். விளிம்பு தடித்து, கடைவாய் மூலை வரை போயிருந்தது. தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வயதுக்கு வந்த நாளிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் அந்தக் கன்னத்தில்தான் அடக்கிவைத்திருந்தாராம், தூங்கும்போதுகூட.

வாய் திறப்பதை நோயாளியின் விரலால்தான் அளப்போம். நல்ல வாயில் மூன்று விரல் அடுக்கி நுழையும். அக்காவுக்குச் சுண்டுவிரல் மட்டும் நுழைந்தது. மூன்று மாதமாகக் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம்.

"மிஸ்ஸி, நோவு போவுதோ போவலியோ, அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார், பல்லைத் திறக்காமல். "வாய் நெறய ஒரு கவளம் சோறு திங்கணும். அதுக்கு வழி இருக்கான்னு தொரையக் கேளுங்க."

மலாயாவில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். தொரை என்றது எங்கள் டாக்டரை. ஆங்கிலேயர், அதிகம் பேசாதவர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மூன்று வழிகள் உண்டு என்றார். முதலாவது கத்தி: கன்னத்தோடு பாதித் தாடையையும் எடுத்துவிடுவது. இரண்டாவது எக்ஸ்ரே கதிர்: எங்கள் இயந்திரத்துக்கு இவ்வளவு ஆழம் போகும் வலு கிடையாது. மூன்றாவது ரேடியம்: ஊசிகளைப் புண்ணைச் சுற்றிக் குத்தி ஏழு நாள் விட்டுவைப்பது. கன்னம் ஆறினால், ஆறு வாரம் கழித்துக் கழுத்துக் கட்டியை மட்டும் கத்தியால் எடுக்கலாம். முற்றிய நிலை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. தாடையை எடுத்தால் கவளம் என்ற பேச்சே இல்லை.

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? கறை போவலேன்னா துணியவே வெட்டிப்போடறது ஒண்ணு. வெயில்ல காயப்போடறது ஒண்ணு. காரம் போட்டு ஊறவைக்கறது ஒண்ணு."

"ஊறவைக்கறதுதான் நல்லது" என்றார் கணவர், தொழில் தெரிந்தவராக; அவரை நான் அண்ணன் என்றே அழைத்தேன். "வெட்டின துணிக்கு நாம என்ன பதில் சொல்றது?"

நான் இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு வந்த நோயாளிகளுக்கும் இதையே சொல்லி விளங்கப்படுத்தும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

ரேடியம் எங்களுடையது அல்ல. வேறோர் ஊர் மருத்துவமனையிலிருந்து ஈயப் பெட்டியில் கப்பலேறி இரவலாக வந்தது. ஒன்பதாம் நாள் கப்பலில் திரும்பிப் போக வேண்டும். உள்ளே பத்து ஊசிகள். தையல் ஊசியைவிடக் குட்டை. பிளாட்டினம் உறை, அதற்குள் ரேடியம் உப்பு. ஒரு முனையில் காது, காதில் கறுப்புப் பட்டு நூல். ஊசி திசுவுக்குள் மறைந்துவிடும்; நூல் மட்டும் வாய்க்கு வெளியே வந்து கன்னத்தில் பிளாஸ்திரியின் கீழ் படுத்திருக்கும். பத்து நூல் இருந்தால் பத்து ஊசி இருக்கிறது என்று கணக்கு.

"அந்த ஊசி சுடுமா மிஸ்ஸி?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணே. கையில வச்சாச் சூடே தெரியாது. ஆனா வைக்கக் கூடாது."

"சூடே இல்லாம சுடுமாக்கும். அப்ப அது எங்க அத்த மாதிரி." அக்காவின் அம்மாவைச் சொன்னார். அக்கா கணவரின் முதுகில் ஒன்று வைத்தார்.

ஊசி குத்தி முடிந்ததும் அக்காவை வராந்தா ஓரத்துத் தனி அறையில் கிடத்தினோம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. எங்களுக்கும் விதிகள் உண்டு. கட்டிலிலிருந்து ஓராள் நீளம் தள்ளி நிற்க வேண்டும். வாய் கழுவத் தேவையானவற்றை முன்பே தட்டில் அடுக்கிக்கொண்டு போய், சட்டென்று முடித்து, திரும்பிவிட வேண்டும். ஊசியை விரலால் தொடக் கூடாது. கடைசி எண்ணிக்கை முடியும் வரை அந்த அறையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சுகூட வெளியே போகக் கூடாது. இவற்றை எழுதிக் கதவில் ஒட்டினேன். ஆயாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. படுத்திருக்கும் நோயாளி எதை வெளியே அனுப்பப் போகிறார்?

தள்ளி நிற்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அக்கா கையாலேயே பேசுவார். நான் வாசலில் நின்றால் என் ஏப்ரனைக் காட்டி, விரலால் ஒரு மடிப்பைக் கிள்ளி, உடைந்துவிட்டதாகச் சைகை செய்து, உதட்டைப் பிதுக்குவார். துணிக்குப் போட்ட கஞ்சி சரியில்லை என்று அர்த்தம். கட்டில் விரிப்பின் ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மங்கல் கறையைக் கண்டுபிடித்து, எனக்கும் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார். மருத்துவமனைச் சலவைக்காரர் யாரோ, அந்த இரண்டு நாளில் அவருக்கு மானம் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் நண்பகல். பீச்சாங்குழலால் வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நூல் தனியாகக் கழன்று துணியில் விழுந்தது. அதன் முனையில் ஊசி இல்லை. காது இருந்த இடத்தில் பட்டு நைந்து அறுந்திருந்தது.

தட்டை மூடி வைத்துவிட்டு, அக்காவிடம், "ஒரு படம் எடுக்கணும்க்கா, பயப்படாதீங்க" என்று சொல்லி, டாக்டருக்கு ஆளனுப்பினேன்.

எக்ஸ்ரேயில் கன்னத்தில் ஒன்பது வெள்ளைக் கோடுகள். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒன்றுமில்லை. விழுங்கவில்லை என்பதுவரை நிம்மதி. காணாமல் போனது, தாடை மூட்டுக்குப் பக்கத்தில், நோய் ஆழமாக இருந்த இடத்தில் குத்திய ஊசி. அந்த இடம் கதிரில் வேகாமல் விட்டால் மற்றவை வெந்தும் பயனில்லை.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து மணி வரை. கிடைக்காவிட்டால் ஒன்பதையும் எடுத்துவிடுவேன். ஒரு ரேடியம் ஊசி எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் நான் சிகிச்சையைத் தொடர முடியாது. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பிறகு கத்திதான்."

அக்காவை எக்ஸ்ரே அறையிலேயே விட்டுவிட்டு, அவர் படுத்திருந்த வராந்தா அறைக்கு மின்காட்டியைக் கொண்டுபோனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மெல்லிய தங்க இதழ்கள் தொங்கும் கருவி அது. கருப்பு எபோனைட் கோலைக் கம்பளியில் தேய்த்துத் தொட்டால் இதழ்கள் விரிந்து நிற்கும். அருகில் ரேடியம் இருந்தால் தளர்ந்து விழுந்துவிடும். கட்டில், மெத்தை, வாளி, பஞ்சுத் தட்டு எல்லாவற்றின் அருகிலும் வைத்தேன். இதழ்கள் விரிந்தபடியே நின்றன.

அப்போதுதான் துணிக்கூடையை எண்ணினேன். என் பட்டியலில் தலையணை உறை மூன்று. கூடையில் இரண்டு.

எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். "அக்கா, தலகாணி உறை ஒண்ணு எங்க?"

அக்காவின் கண்கள் மலர்ந்தன. இரண்டு கைகளாலும் எதையோ சுருட்டினார். வாசல் பக்கம் வீசுவதுபோல் காட்டினார். பிறகு தன் தாலியைத் தொட்டார். கணவர்! நேற்று மாலை ஐந்து மணிக்கு அவர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எச்சில் வடிந்து கறையான உறையை மருத்துவமனை ஆளிடம் கொடுக்க மனம் வராமல், சுருட்டிக் கணவரிடம் எறிந்திருக்கிறார். நம் வீட்டிலேயே ஒழுங்காக வெளுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். வேறு எந்த நோயாளிக்கும் இது தோன்றியிருக்காது. பெருமையாக என்னைப் பார்த்தவர், என் முகத்தைக் கண்டதும் கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

நேற்று மாலை ஐந்து மணி. அதற்குப் பிறகு நானும் இரவுத் தாதியும் நான்கு முறை "பத்து" என்று எழுதிக் குறி போட்டிருக்கிறோம்.

மின்காட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் போனேன். இடுக்கி, சிறிய ஈயக் குப்பி, எபோனைட் கோல். வழியில் ஒரு முறை சரிபார்த்தேன், கம்பளியை மறந்திருந்தேன். என் பட்டியலில் அது எழுதப்பட்டிருந்தது. குறியும் போட்டிருந்தேன்.

ஆயர் ஈத்தாம் ஆற்றின் சலவைத் துறைக்குள் போகுமுன்பே கல்லில் துணி மோதும் சத்தம் கேட்டது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா நல்லாத்தான் இருக்காங்க" என்று முதலில் அதைச் சொன்னேன். "நேத்து குடுத்த தலகாணி உறை எங்கண்ணே? வெளுத்தாச்சா?"

மூச்சு வந்தது அவருக்கு. "அட, அதுக்கா ரிக்ஷா எடுத்துக்கிட்டு வந்தீங்க? ஆஸ்பத்திரி சாமான நான் வச்சுக்கவா போறேன்? வெளுத்துக் கொண்டாந்துருவேன்லா."

"வெளுத்தாச்சா இல்லியா?"

"எங்கேர்ந்து மிஸ்ஸி! ஊரார் துணி முடிஞ்சாத்தான் எங்க வூட்டுத் துணி. அது முடியறதுக்குள்ள அடுத்த மூட்ட வந்துரும். என் வேட்டியப் பாத்தா நான் டோபின்னு யாராச்சும் சொல்வாங்களா?"

அவர் வேட்டியைப் பார்த்தேன். சொல்ல மாட்டார்கள். அன்று உலகத்திலேயே அழகான வேட்டி அதுதான்.

வெளுக்க வந்த துணி ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்கான குறி இருக்கும்; சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் போடும் அழியாத குறி. குறி இல்லாத துணி அழுக்கை அவித்தெடுக்கும் வெள்ளாவிப் பானைக்குள் போகாது. அது சொந்தத் துணி. கொட்டகைக்குப் பின்னால் குவியலில் கிடந்து முறைக்குக் காத்திருக்கும். மூன்று பங்காளிக் குடும்பங்களின் துணி, இடுப்பளவு குவியல். அதில் எங்கோ நம் உறை.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சட்டென்று குவியல் பக்கம் திரும்பினார்.

"தொடாதீங்கண்ணே!"

"எம் பொண்டாட்டி ஊசி, மிஸ்ஸி."

"இருக்கட்டும். தொடாதீங்க."

மின்காட்டியை எடுத்தேன். அந்த இடத்தில் அது உதவவில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெள்ளாவி ஆவி. ஈரக் காற்றில் இதழ்கள் ரேடியம் இல்லாமலே சோர்ந்து விழுந்தன. எங்கே காற்று காய்ந்திருக்கும் என்று கேட்டேன். இஸ்திரிக் கொட்டகை என்றார். அங்கே கரிப்பெட்டிகள் கனன்றுகொண்டிருந்தன. நுழைந்ததும் வியர்த்தது, ஆனால் காற்று அப்பளம் போல் இருந்தது. கம்பளி வேண்டும். யாரோ ஒரு அதிகாரியின் கம்பளி ஃபிளானல் கால்சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது. எடுத்துக் கோலை அதில் தேய்த்தேன்.

"மிஸ்ஸி, அது இஸ்திரி போட்டு முடிச்சது!"

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணே."

இதழ்கள் விரிந்து நின்றன. கொதிக்கும் பானையிலிருந்து துணி தூக்கும் நீண்ட மூங்கிலால், அண்ணன் குவியலிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துவந்து கருவிக்கு முன்னால் நீட்டினார். ஒரு சேலை. ஒரு சட்டை. பாவாடை. சிறிய போர்வை. நான் இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ, சுருட்டியபடியே மூங்கில் முனையில் தொங்கிக்கொண்டு உறை வந்தது. இதழ்கள் முதலில் மெல்லத் தளர்ந்தன. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

உறையின் மூலைத் தையலில், காய்ந்த எச்சிலோடு, அது குத்தி நின்றது. இடுக்கியால் எடுத்து ஈயக் குப்பியில் போட்டு மூடினேன்.

அண்ணன் மூங்கிலை இறக்காமலே நின்றார். "இத்துனூண்டா? இதுக்கா இத்தன சூசா?" என்றார்; சூசா மலாய்ச் சொல், தொல்லை என்று பொருள். பிறகு, "எண்ணிக்கிட்டே இருந்தீங்களே மிஸ்ஸி, எப்படித் தவறுச்சு?"

"நூல எண்ணினேன்."

"அதானே. மூட்டைய எண்ணிட்டுத் துணி சரியா இருக்குன்னு சொன்னாப்ல."

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்த எந்தக் கண்டனமும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. ரிக்ஷா வரை கூடவே வந்தார். ஏறியதும், "அவளத் திட்டாதீங்க மிஸ்ஸி" என்றார்.

"திட்டலண்ணே."

"கொஞ்சம் திட்டுங்க. நான் திட்டினாக் கேக்க மாட்டா."

ஐந்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் பார்த்தார். வளையவில்லை, உறை கீறவில்லை. மருந்தில் ஊறவைத்து, புது நூல் கோத்து, பழைய இடத்திலேயே குத்தினார். இழந்த ஒரு நாளுக்காக அந்த ஊசிக்கு மட்டும் எட்டாவது நாள் ஒன்றைச் சேர்த்தார். என் பட்டியலைக் கேட்டு வாங்கினார். தவறான நான்கு கட்டங்களின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, "அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று திருப்பித் தந்தார். அன்றிலிருந்து நூலை எண்ணுவதோடு நிறுத்தாமல், தினம் ஒரு எக்ஸ்ரே படத்தில் ஊசிகளையும் எண்ணினேன்.

அக்கா அன்று மாலை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அக்கா, இனிமே உங்க துணி எல்லாத்துக்கும் நான்தான் டோபி. அழுக்கானாலும் பொறுத்துக்கணும்."

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே நான்தான்.

ஊசிகளை எடுத்தபின் வந்த வாரங்கள் மோசமானவை. கன்னத்தின் உள்ளே பாலாடை போல் வெள்ளைப் படலம் கட்டியது. தண்ணீர் பட்டால்கூட எரிந்தது. உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வாய் கழுவினோம். பார்லி, முட்டை அடித்த பால், குளுக்கோஸ். படலம் உதிர்ந்த பிறகு, தட்டையான மரச் சில்லுகளைப் பற்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகி வாய் திறக்கப் பழக்கினேன். முதல் நாள் மூன்று சில்லு. நான்காவதை வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆனால் எடுக்கச் சொல்லவும் இல்லை. சேர்ந்த அன்று வாங்கி என் அலமாரியில் பூட்டியிருந்த வெற்றிலைப் பையை ஒரே ஒரு முறை கேட்டார். மோந்து பார்க்க மட்டும். கொடுத்தேன். மோந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

ஆறு வாரம் கழித்துக் கழுத்துக் கட்டியை டாக்டர் எடுத்தார். கழுத்தின் இடப்பக்கம் குழிந்துவிட்டது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இனிக் கல்லில் துணி அடிக்க முடியாது. குறி போடும் வேலையை எடுத்துக்கொண்டார். என் ஏப்ரன்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது கஞ்சி மொடமொடவென்று இருந்தது. ஓரத்தில் எனக்கான குறி: வரிசையாக ஒன்பது சிறு கோடு, சற்றுத் தள்ளித் தனியாக ஒன்று.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இலை போட்டாயிற்று. உட்காருமுன், "அளங்க மிஸ்ஸி" என்று அக்கா வாயைத் திறந்தார். அவர் விரலால் இரண்டு, கொஞ்சம் இடமும் மிச்சம்.

அண்ணன் தன் விரலைக் கொண்டுவந்தார். "இதால அளங்க. இதுதான் சரியான அளவு."

"ஓய், அது விரலா, உலக்கையா? தள்ளிப் போ."

என் விரல்களால் கழுத்தையும் தாடையின் கீழும் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். அன்று ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியேதான் எழுதிவைத்தேன். "அன்று" என்ற சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை. நோய் திரும்பி வரலாம் என்பது அக்காவுக்கும் தெரியும். நான் தடவி முடிக்கும் வரை கண்ணை மூடியிருந்தவர், திறந்ததும் எதுவும் கேட்காமல் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

முதலில் சிறிதாக உருட்டினார்.

"இது கவளமா, எறும்புக்கு வச்சதா?" என்றார் அண்ணன்.

முறைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு சேர்த்து உருட்டினார். தலையைச் சற்றுச் சாய்த்து, வலது ஓரமாக உள்ளே தள்ளினார். இடது கன்னம் பலகை போல் அசையாமல் இருந்தது. வலது கன்னம் மட்டும் உப்பியது. காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் எங்கள் இலையைத் தொடவே இல்லை.

விழுங்கியதும் எங்களைப் பார்த்தார். "என்னா வேடிக்க? ஆறிப்போவுது, சாப்புடுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கவளத்தை உருட்டத் தொடங்கினார்.